கற்பனைப் பயணத்தின் கட்டுச்சோறு

பயணம் புறப்படுகிறவன் முதலில் நாடுவது வழித்துணையை. அடுத்து நாடுவது கட்டுச்சோற்றை. கடலோரத்து முஸ்லிம்களாகிய நமக்கு இதனை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாய்மரம் விரித்துப் பல நாள் கடலிலே கிடந்த முன்னோரின் வழிவந்தவர்கள் நாம். எம் ஊராகிய கீழக்கரையின் தொதலை எடுத்துக்கொள்வோம். மாவும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் சேர்த்துக் கை ஓயும்வரை கிண்டி இறக்கும் அந்தப் பண்டத்தை மலாய் நாட்டினர் ‘டோடோல்’ என்கின்றனர். பண்டத்தோடு அதன் பெயரும் கடல் கடந்திருக்கிறது. நம் சம்பலுக்கு மணம் கூட்டும் மாசி, மாலத்தீவுக் கடலின் சூரை மீன். ஓர் அடுக்களையின் அடுக்குப் பானைகளைத் திறந்து பார்த்தால் ஒரு சமுதாயம் எங்கெங்கே போய் வந்தது என்பது தெரிந்துவிடும்.

ஊரைவிட்டு நகராமலே செய்யும் பயணம் ஒன்று உண்டு. அது கதையில் செய்யும் பயணம். அந்தப் பயணத்துக்கும் கட்டுச்சோறு வேண்டுமா என்று கேட்டால் நகைக்கத் தோன்றும். வேண்டும் என்றே நாம் சொல்லுவோம். அக்கட்டுச்சோற்றைக் கண்டும் உண்டும் அதனால் எழுந்த ஒரு பிணக்கைக் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டு எழுத முற்படுகிறோம்.

2023ஆம் ஆண்டின் கோடையை அமெரிக்காவிலே சிக்காகோ நகரின் புறநகர் ஒன்றில், எம் மகன் இல்லத்தில் கழித்தோம். சனிக்கிழமை தோறும் மாலையில் ஐந்தாறு பேர் அவ்வில்லத்தில் கூடினர். மகனுடன் பணிபுரியும் இளைஞர் ஒருவர், பிலிப்பைன்ஸ் நாட்டில் பிறந்த செவிலியர் ஒருவர், மெக்சிகோ வழிவந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், யூத மதத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் ஆகியோர் வருவர். மகனும் மருமகளும் உடன் அமர்வர். பதினோரு வயதுப் பேரனுக்கும் ஓர் இடம் உண்டு. மேசைமேல் தாள்களும் எழுதுகோல்களும் கையால் வரைந்த நிலப்படம் ஒன்றும் விரியும். ஒருவர் கதை நடத்துவார். ஏனையோர் ஒவ்வொருவரும் கதைமாந்தர் ஒருவராக அமர்ந்து, “யான் இதைச் செய்கிறேன், யான் இவ்வழியே செல்கிறேன்” என்பர். கதை நடத்துபவர் அதன் விளைவைச் சொல்லுவார். எழுதி வைத்த முடிவு எதுவும் இல்லை. கேட்போரே கதைமாந்தராகி, கூடியிருந்து நெய்கின்ற கதை அது.

இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடி ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் அதனை ஆக்கினர். சிக்காகோவுக்கு வடக்கே விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்றொரு சிற்றூர் உள்ளது. 1974ஆம் ஆண்டில் அங்கிருந்துதான் அந்த ஆட்டம் வெளிவந்தது. கைகாக்ஸ் காப்பீட்டு நிறுவனத்திலே பணியாற்றியவர். வேலையிழந்த பின்னர்க் காலணி செப்பனிட்டுக் குடும்பம் நடத்தியவர். சிறு பெட்டிக்குள் மூன்று கையேடுகளாக, முதற் பதிப்பில் ஆயிரம் படிகளே அச்சிட்டனர். அவற்றைப் பெட்டியில் அடுக்கும் வேலை அவர் வீட்டிலேயே நடந்தது. அரை நூற்றாண்டுக்குள் அது உலகெங்கும் பரவிவிட்டது.

இவ்விடத்தில் நம் வாசகர் மனத்தில் எழும் வினாவை நாம் அறிவோம். அந்த ஆட்டத்தில் இருபது முகம் கொண்ட பகடை உருள்கிறது. பகடையைப் பற்றி ஹதீஸ்களில் கடுமையான எச்சரிக்கை வந்திருப்பதையும், பணம் வைக்காவிடினும் பகடை கூடாது என்று உலமாக்களில் பெரும்பாலோர் கருதுவதையும் எம் மகன் அறிந்தே இருந்தான். ஆகவே அவ்வீட்டிலே பகடை இல்லை. ஒன்று முதல் இருபது வரை எண்ணிட்ட அட்டைகளை அடுக்கி வைத்து, வேண்டும்போது ஒன்றை எடுத்துக்கொள்வர். பந்தயப் பணம் ஒரு காசும் இல்லை. பல தெய்வங்களையும் மந்திரத்தையும் சொல்லும் பகுதிகளை விலக்கிவிட்டுக் கடற்பயணமும் மலைவழியும் பாலைவனமுமாகவே கதைகளை அமைத்தனர். 1980களில் அமெரிக்கக் கிறித்தவக் குழுக்கள் சில, இந்த ஆட்டம் சைத்தானின் வேலை என்று கூக்குரலிட்டதும் உண்டு. ஃபத்வா கூறும் தகுதி நமக்கில்லை. இதனை ஆடலாமா என்று கேட்பவர் தம் ஊர் ஆலிமைக் கேட்டுத் தெளிக. நாம் சொல்ல வந்தது மேசையின் மறுபக்கத்தைப் பற்றி, அங்கே தட்டில் இருந்ததைப் பற்றி.

பொதுவாக இத்தகைய கூட்டங்களில் பொட்டலத்து வறுவலும் புட்டியிலடைத்த இனிப்பு நீரும் பீட்சாவும்தாம் உணவாம். பேச்சு நான்கு மணிநேரம் நீளும்; கை தானாகவே தட்டுக்குப் போகும்; என்ன தின்றோம் என்பது எவர் நினைவிலும் நில்லாது. மகனுக்கு இது உறுத்தியது. “கதையிலே பத்து நாள் பனிமலையில் நடக்கிறோம். வாயில் மட்டும் உருளைக்கிழங்கு வறுவல் இருக்கிறதே!” என்றான். அந்த ஆட்டத்தின் முதற் கையேட்டிலேயே வழிப்போக்கர் வாங்கவேண்டிய பொருட்களின் பட்டியலில் கயிறு, தீப்பந்தம் ஆகியவற்றோடு, கெடாத வழியுணவும் இடம் பெற்றிருக்கிறது. பட்டியலில் பெயரளவில் இருந்த அவ்வுணவை மெய்யாகவே மேசைக்குக் கொண்டுவந்தால் என்ன என்பதே அவன் எண்ணம். கதைப் புத்தகங்களில் வரும் கற்பனைப் பண்டங்களைச் செய்வோர் பலர் இருக்கின்றனர். அந்த ஆட்டத்தின் பெயராலேயே 2020ஆம் ஆண்டில் ஒரு சமையல் நூலும் வந்திருக்கிறது. மகன் நாடியது வேறு. இவ்வுலகத்தில் மெய்யான மனிதர்கள், மெய்யான பயணங்களில் உண்ட உணவையே அவன் நாடினான்.

முதலில் வந்தது கப்பல் ரொட்டி. மாவு, தண்ணீர், உப்பு ஆகிய மூன்றே பொருள். புளிப்பேற்றாமல் பிசைந்து, துளையிட்டு, ஈரம் முற்றும் அகலச் சுட்டெடுப்பது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861 முதல் 1865 வரை, படைவீரர் பைகளில் இருந்தது இதுவே. பல்லால் கடிக்க இயலாது. வீரர்கள் அதனைக் காப்பியில் ஊறவைத்து உண்டனர். ஊறும்போது உள்ளிருந்து புழு மிதந்து வந்தால் அதனை எடுத்தெறிந்துவிட்டு உண்டனராம். மேசையைச் சுற்றியிருந்தோர் ஒவ்வொருவரும் கடித்துப் பார்த்துத் தோற்றனர். பின்னர் கோப்பைகள் வந்தன. கதையிலே கப்பல் காற்றின்றி நின்ற அந்த இரவில், ரொட்டி ஊறும்வரை அனைவரும் காத்திருந்தனர். காற்றுக்காகக் காத்திருப்பது என்னவென்று அப்போது புரிந்தது என்றார் ஆசிரியர்.

பனிமலைக் கதைக்கு வந்தது ‘பெமிக்கன்’. வட அமெரிக்கப் பழங்குடியினரின் வழியுணவு அது. பெயரும் கிரீ மொழியினின்று வந்தது. காட்டெருமை இறைச்சியைக் காயவைத்துத் தூளாக்கி, உருக்கிய கொழுப்பும் உலர்ந்த காட்டுப்பழமும் கலந்து கட்டியாக்குவது. பல மாதங்கள் கெடாது. காட்டெருமை உண்ணத்தக்க பிராணியே. எனினும் பிஸ்மில்லாஹ் கூறி அறுத்ததாக உறுதி கிடைக்கவில்லை. ஆகவே டெவான் வீதியிலுள்ள ஹலால் கடையிலிருந்து மாட்டிறைச்சி வாங்கி வந்து மருமகள் அதே முறையில் செய்தாள். விருந்தினர் எவரும் குறை கூறவில்லை. ‘அறுத்தவர் யார், எவ்வாறு அறுத்தார் என்று கேட்டு உண்பது எங்கள் வழக்கத்திலும் உண்டு’ என்று கூறி யூத முதியவர் தலையசைத்தார். தம் மத விதிப்படி அவரால் அதனை உண்ண இயலவில்லை. அவருக்கென்று உரிய முத்திரையிட்ட பொட்டலத்தில் பேரீச்சம்பழமும் பாதாமும் தனித் தட்டில் இருந்தன. அவர் அமர்ந்திருந்த இடத்தில் வெறுந்தட்டு ஒருநாளும் இருந்ததில்லை.

இவற்றையெல்லாம் கண்ட நமக்கு ஓர் ஆவல் பிறந்தது. பாலைவனக் கதை நடக்கவிருந்த வாரத்தில், உணவு எம் பொறுப்பாகட்டும் என்றோம். பாலைவனப் பயணத்தின் உணவை அறிய நாம் அயலாரிடம் போகவேண்டுமா? நம் ஹதீஸ் நூல்களும் சீறா வரலாறுகளும் அதனைப் பக்கத்துக்குப் பக்கம் சொல்லவில்லையா?

அன்று நாம் மேசையில் வைத்தது ‘ஸவீக்’. வாற்கோதுமையை வறுத்து இடித்த மாவு அது. நீரோ பாலோ நெய்யோ எது கிடைக்கிறதோ அதில் குழைத்து உண்பர், அடுப்பு வேண்டியதில்லை. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில், பத்ருப் போருக்குப் பின்னர், குறைஷியர் இருநூறு குதிரை வீரருடன் மதீனாவின் புறத்தே வந்து தாக்கிவிட்டு ஓடினர். துரத்தி வருவதைக் கண்டு சுமையைக் குறைக்க அவர்கள் வழியெங்கும் எறிந்துவிட்டுச் சென்றவை ஸவீக் மூட்டைகள். அதனால் அந்நிகழ்ச்சிக்கே ‘ஸவீக் போர்’ என்று பெயர் வந்தது. ஒரு மாவின் பெயரால் ஒரு படையெடுப்பு அழைக்கப்படும் விந்தையைக் கேட்டு மேசையே சிரித்தது. கைபர் ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்றையும் சொன்னோம். ஸஹ்பா என்னுமிடத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வழியுணவைக் கொண்டுவரச் சொன்னபோது ஸவீக்கைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அதனை நனைக்கச் செய்து, அவர்களும் உண்டார்கள், தோழர்களும் உண்டார்கள். வாய் கொப்பளித்துவிட்டுத் தொழுகைக்கு எழுந்தார்கள். ஒரு படையின் தலைவருக்கும் கடைசி வீரனுக்கும் ஒரே மாவு!

உடன் வைத்தது பேரீச்சம்பழம். அதற்குரிய வரலாறும் உண்டு. அபூ உபைதா (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு பேர் கடற்கரைப் பக்கம் அனுப்பப்பட்டனர். உணவு குறையக் குறைய, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு பேரீச்சம்பழம் என்னும் நிலை வந்தது. ஒரு பழம் எதற்குப் போதும் என்று பிற்காலத்தில் ஒருவர் வினவினார். அதுவும் தீர்ந்தபோதுதான் அந்த ஒரு பழத்தின் அருமை எங்களுக்குத் தெரிந்தது என்னும் கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் விடை கூறினார்கள். மரத்தின் இலைகளை அடித்து உதிர்த்து உண்டனர். பின்னர் கடல் ஒரு பெருமீனை ஒதுக்கிற்று. பல நாட்கள் அதனை உண்டு உடல் தேறினர்.

இதனைச் சொல்லி முடித்ததும், கதையில் பாலைவனத்தைக் கடக்கும் பயணிகளாகிய அவர்கள் ஆளுக்கு ஒரே பழத்தை எடுத்துக்கொண்டு, தட்டை நடுவில் தள்ளி வைத்தனர். அடுத்த ஒரு மணிநேரம் எவரும் தட்டைத் தொடவில்லை. எம் பேரன் தன் பழத்தின் கொட்டையை வாயிலேயே வைத்திருந்தான். வரலாற்றை வாசிப்பது ஒன்று. அதனை நாவில் வைத்திருப்பது மற்றொன்று. மதரஸாவில் இந்நிகழ்ச்சியை அவன் முன்னரே படித்திருக்கிறான். ஆயினும் அன்றுதான் அது அவனுள் இறங்கியது.

மற்றொரு வாரம் சிறுவர்க்கும் பெரியோர்க்கும் ஒருசேர வியப்பளித்தது நம் நோன்பு காலத்துக் கடல்பாசி. அந்த ஆட்டத்தில் ஒரு விந்தையான கொடு விலங்கு உண்டு. ஒளி ஊடுருவும் கூழாலான பெரிய கனசதுரம் அது. நிலவறைகளின் நடைவழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்து வரும். அது விழுங்கிய பொருட்கள் அதனுள்ளே மிதப்பது வெளியே தெரியும். கடையில் கிடைக்கும் கூழ்ப்பொடியில் அதனைச் செய்யலாம். ஆனால் அந்நாட்டில் அப்பொடி பெரும்பாலும் பன்றித் தோலினின்று எடுப்பது. “நம் கடல்பாசி இருக்கையில் அது எதற்கு?” என்றார் எம் இல்லத்தரசியார். ஊரிலிருந்து கொண்டுவந்த பாசியைக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்து, உலர்ந்த திராட்சையும் செர்ரிப் பழமும் உள்ளே மிதக்கும்படி பெரிய சதுரமாக உறையவைத்தார். மேசைக்கு அது வந்தபோது எழுந்த ஆரவாரத்தை என்னென்பது!

ஆரவாரம் அடங்கியபின் அது என்னவென்று கேட்டனர். இராமேசுவரம், பாம்பன் பகுதிகளில் மன்னார் வளைகுடாக் கடலில் மூழ்கி, பாறைகளில் படர்ந்த பாசியைக் கையால் பறித்துவரும் பெண்களைப் பற்றிச் சொன்னோம். நாங்கள் நோன்பு திறக்கும் வேளையில் குளிர்ச்சிக்காக உண்பது இது என்றோம். விளையாட்டுக்கு உருவெடுத்த பண்டம், விரைவிலேயே ரமலான் மாலைப் பொழுதைப் பற்றிய பேச்சாக மாறிற்று. நோன்பு வைப்பவர் தண்ணீரும் அருந்துவதில்லையா என்று செவிலியர் கேட்டார். வழக்கமாக நாம் விளக்கிச் சலிக்கும் அவ்வினா அன்று இனிமையாக இருந்தது.

கடற்கதை ஒன்றுக்குக் கொரியக் கடையிலிருந்து நார் நாராகக் கிழித்துலர்த்திய கணவாய் வந்தது. நார்வே நாட்டுப் பழங்கதைகளில் கப்பலைச் சுற்றி வளைக்கும் பெருங்கடல் விலங்கு ஒன்று வருமல்லவா? அதன் கைகள் என்று வைத்துக்கொண்டனர். நாமும் மகனும் எடுத்து உண்டோம். மருமகள் எடுக்கவில்லை. அவள் உத்தமபாளையம் பக்கத்து இராவுத்தர் குடும்பத்தினள், ஹனஃபி மத்ஹபினள். கடல்வாழ் உயிர்களில் மீனே அவர்களுக்கு ஆகுமானது. நாம் ஷாஃபியீ, கணவாய் நமக்கு ஆகும். ஒரே வீட்டில், ஒரே மேசையில், ஒருவர் உண்பதை மற்றவர் விலக்குவது ஏன் என்று ஆசிரியர் கேட்டார். இரு இமாம்களும் ஒரே வேதத்தையும் ஒரே நபிமொழிகளையும் ஆய்ந்து இரு முடிவுக்கு வந்தனர் என்று மகன் விளக்கினான். மருமகளோ சிரித்துக்கொண்டே கணவாய்த் தட்டை எம் பக்கம் நகர்த்தி, “மாமா, எனக்கு இல்லை, உங்களுக்கு உண்டு. நல்லா எடுத்துக்கோங்க” என்றாள். மத்ஹபுகளைப் பற்றி நாம் கேட்ட நீண்ட சொற்பொழிவுகள் பல. அவற்றுள் சிலவற்றைவிட இந்த ஒரு வரி தெளிவாக இருந்தது.

மெக்சிகோ வழிவந்த அந்த ஆசிரியர் ஒருநாள் ‘சாப்புலீன்’ கொண்டுவந்தார். தென் மெக்சிகோவின் ஓஹாக்கா மாநிலத்தார் விரும்பி உண்ணும் வெட்டுக்கிளி அது. எலுமிச்சைச் சாறும் உப்பும் மிளகாயும் சேர்த்து மொறுமொறுவென வறுத்திருந்தனர். முஸ்லிம் வீட்டுக்கு இதனைக் கொண்டுவரலாமா என்று அவர் தயங்கியே கேட்டிருக்கிறார். வெட்டுக்கிளி உண்ணத்தக்கது என்பதில் நம் இமாம்கள் உடன்பட்டிருக்கின்றனர். அதனைக் கொல்லும் முறைக்கு மாலிக்கீ மத்ஹபில் நிபந்தனை உண்டு. நபிகளாருடன் ஆறு அல்லது ஏழு போர்ப் பயணங்களில் வெட்டுக்கிளியை உண்டதாக அப்துல்லாஹ் இப்னு அபீ அவ்ஃபா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இதனைச் சொன்னதும் ஆசிரியரின் முகம் மலர்ந்தது. தம் பாட்டியார் உண்டதை நம் பெருமானாரின் தோழர்களும் உண்டனர் என்னும் செய்தி அவருக்குப் பெரும் பரிசாயிற்று. பிஸ்மில்லாஹ் என்று நாமும் ஒன்றை எடுத்தோம். புளிப்பும் உறைப்புமாக நொறுங்கிற்று. இரண்டாவதையும் எடுத்தோம்.

இவ்வாறு எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் நடந்தது அதுவன்று.

ஆவணி வெயிலில் ஒரு சனிக்கிழமை, கதை நடத்தும் முறை மகனுடன் பணிபுரியும் இளைஞருக்கு வந்தது. அவர் நல்லவர், உற்சாகம் மிக்கவர். இரு தட்டுகளைக் கொண்டுவந்தார். ஒன்றில் தேனும் ரொட்டியும்; அது வீரர்களின் உணவாம். மற்றொன்றில் பொரித்த கருவாடு. அது பூதங்களின் உணவாம். குகைக்குள் வாழும் அழுக்கு நிறைந்த பூதங்கள் இதைத்தான் தின்னும் என்று சொல்லி அவர் மூடியைத் திறக்க, மணம் அறையெங்கும் பரவியது. சிலர் மூக்கைப் பிடித்தனர், சிலர் சிரித்தனர். எவர் முகம் அருவருப்பால் மிகுதியாகச் சுருங்குகிறதோ அவருக்கு ஓர் எண் கூடுதலாகத் தருவதாகவும் அறிவித்தார்.

செவிலியர் சிரிக்கவில்லை. கை நீட்டி ஒரு மீனை எடுத்தார். தலையைக் கிள்ளி ஓரமாக வைத்துவிட்டு, அமைதியாக உண்டார். அது அவர் நாட்டின் ‘தூயோ’. பிலிப்பைன்ஸ் நாட்டில் விடியற்காலையில், பூண்டிட்டு வதக்கிய சோற்றோடும் புளிக்காடியோடும் உண்ணும் உணவு. இவரை வளர்த்த உணவு. சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. அந்த அமைதியில் எம் பேரன் மெல்ல எம் பக்கம் திரும்பி, “அப்பா, இது நம்ம வீட்டுச் சாப்பாடுதானே?” என்றான்.

அவ்வினாவின் பின்னால் ஒரு செய்தி இருந்தது. ஓராண்டுக்கு முன்புவரை அவன் பள்ளிக்கு இடியாப்பமும் மாசிச் சம்பலும் எடுத்துச் செல்பவன். உணவு மேசையில் உடனிருந்த பிள்ளைகள் மூக்கைப் பிடித்த ஒரு நாளுக்குப் பின்னர் அதனை நிறுத்திவிட்டான். வெறும் ரொட்டித் துண்டே போதும் என்று தாயிடம் சொல்லிவிட்டான். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அன்று மேசையில் அந்தக் காரணம் தானே வெளிவந்தது.

இவ்விடத்தில்தான் நாம் ஆழ்ந்து எண்ண வேண்டியிருக்கிறது. ‘விசித்திரமான உணவு’ என்று எதனைச் சொல்கிறோம்? ஒருவருக்கு விசித்திரமாக இருப்பது மற்றொருவருக்குக் காலைச் சாப்பாடு. அரிய உணவை மேசைக்குக் கொண்டுவருவதில் இரு வழிகள் உள்ளன. அதனை உண்டவர் யார், எதனால் உண்டனர் என்று அறிந்து, அவரோடு சற்று நேரம் நடந்து பார்ப்பது ஒரு வழி. அதனைக் காட்டி முகம் சுளித்து, உண்பவரைப் பூதமாக்கிச் சிரிப்பது மற்றொரு வழி. தட்டும் பண்டமும் இரண்டிலும் ஒன்றே. உண்பவரின் மானம் ஒன்றில் உயர்கிறது, மற்றொன்றில் மிதிபடுகிறது.

நம் மார்க்கம் இதற்கு வழிகாட்டாமல் விட்டுவிடவில்லை. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில், சுட்ட ‘ளப்’ பரிமாறப்பட்டது. பாலைநிலத்தில் வாழும் ஊர்வன அது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் உடும்பு என்பர். இன்னதென்று அறிந்ததும் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் கேட்டார்கள். இல்லை, என் மக்கள் வாழும் நிலத்தில் இது இல்லை, அதனால் மனம் ஒப்பவில்லை என்னும் பொருள்பட விடையளித்தார்கள். காலித் (ரலி) அவர்கள் அதனைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்துணை நுட்பமான பண்பாடு! மனம் ஒப்பாததை உண்ண வேண்டியதில்லை. ஆயினும் முகம் சுளிக்கவில்லை, உண்பவரைத் தடுக்கவில்லை, உணவையும் பழிக்கவில்லை. எந்த உணவையும் அவர்கள் ஒருபோதும் குறை கூறியதில்லை என்று அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக வந்திருப்பதும் நாம் அறிந்ததே.

அன்றிரவு மகன் இதனை மேசையில் சொன்னான். எவரையும் கடிந்து பேசவில்லை. பின்னர் செவிலியரை நோக்கி, அம்மீனைப் பற்றிச் சொல்லுமாறு வேண்டினான். அவர் முதலில் மறுத்தார். பின்னர்த் தொடங்கினார். மழை நாட்களில், சாக்கலேட் சேர்த்துக் காய்ச்சிய இனிப்புக் கஞ்சியோடு அந்த உப்புக் கருவாட்டைத் தொட்டுக்கொண்டு உண்பார்களாம். இனிப்புக் கஞ்சிக்குக் கருவாடா என்று வியந்தோம். அவர் முதன்முறையாகச் சிரித்தார். நம் ஊரில் பழஞ்சோற்றுக்குக் கருவாடு சுடுவதை நாம் சொன்னோம். இரு கடற்கரைகள் அன்று ஒன்றையொன்று கண்டுகொண்டன.

அவ்விளைஞர் தலை குனிந்தே இருந்தார். மறுவாரம் கதையைத் திருத்தி எழுதி வந்தார். அதில் பூதங்கள் இல்லை. கப்பல் உடைந்து கரையொதுங்கிய பயணிகளை மீனவக் கிராமம் ஒன்று வரவேற்று, தன்னிடமிருந்த ஒரே உணவாகிய கருவாட்டைப் பகிர்ந்து உயிர் காப்பதாக இருந்தது கதை. கருவாட்டைப் பொரிக்கும் வேலையைச் செவிலியரிடம் கேட்டுத் தாமே செய்திருந்தார். சற்றுக் கருகியிருந்தது. எவரும் குறை கூறவில்லை.

அன்று முதல் அம்மேசைக்குச் சில நெறிகள் ஏற்பட்டன. எவருக்கு எது ஆகாது என்பதை முன்னரே கேட்டறிதல் முதல் நெறி. மார்க்கத்தால் ஆகாததும் உடலால் ஆகாததும் ஒன்றுபோலவே மதிக்கப்படும். நிலக்கடலை பட்டால் மூச்சடைக்கும் விருந்தினர் ஒருவர் உண்டு என்றால், அந்நாளில் அவ்வீட்டிலேயே நிலக்கடலை இராது. எந்த உணவும் பெயரின்றி வராது. அதன் பெயரும் ஊரும் உண்போரும் சொல்லப்பட வேண்டும். மெய்யான மனிதர் உண்ணும் எதுவும் கதையிலே கொடியவரின் உணவாகாது. உண்ண மறுக்க எவருக்கும் உரிமை உண்டு. முகம் சுளிக்க உரிமையில்லை.

இந்நெறிகளைக் கேட்டபோது நமக்கு அவை புதியனவாகத் தோன்றவில்லை. கந்தூரியிலும் கல்யாணத்திலும் ஒரு சஹனைச் சுற்றி நால்வரும் ஐவருமாக அமர்ந்து உண்ட சமுதாயம் நம்முடையது. எதிரில் இருப்பவன் பக்கம் கை நீட்டாமலும், நல்ல துண்டை அவன் பக்கம் நகர்த்தியும் உண்ணக் கற்றவர்கள் நாம். மவ்லிது முடிந்தபின் நார்சாவை வாங்கும் சிறுவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று எவரும் கேட்பதில்லை. அம்மேசையும் ஒரு சஹன்தான். சுற்றியிருந்தவர்கள் மட்டும் பல நாட்டினர்.

அயல்நாட்டில் வாழும் நம் பிள்ளைகளின் வீடுகளுக்கு இன்று பல இனத்தார் வருகின்றனர். நம் ஊரிலும் வருகின்றனர். விளையாட்டுக்காக வரலாம், படிப்புக்காக வரலாம், வெறும் பேச்சுக்காகவும் வரலாம். அவர்கள் முன் வைப்பதற்கு நம்மிடம் தொதல் உண்டு, வட்டலப்பம் உண்டு, கடல்பாசி உண்டு. அவற்றோடு அவற்றின் கதையையும் வைப்போமாக. அவர்கள் கொண்டுவருவதை, ஆகுமாயின் பிஸ்மில்லாஹ் கூறி உண்போம். ஆகாதாயின் இன்முகத்தோடு விலக்குவோம். குழந்தைகள் நம் சொல்லைவிட நம் முகத்தையே கூர்ந்து பார்க்கின்றனர்.

எம் பேரன் மீண்டும் சம்பல் எடுத்துச் செல்கிறானா என்று வாசகர் கேட்கலாம். இதனை எழுதும்வரை இல்லை. ஆயினும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறான். மேசைக்கு வந்த ஒவ்வோர் உணவின் பெயரும், ஊரும், செய்யும் முறையும் அதில் எழுதப்படுகின்றன. கப்பல் ரொட்டி, பெமிக்கன், ஸவீக், சாப்புலீன், தூயோ என வரிசையாகச் செல்லும் அப்பட்டியலில், நாம் ஊர் திரும்பிய வாரத்தில் இரண்டு பெயர்களைத் தன் கையாலேயே தமிழில் எழுதிச் சேர்த்தானாம். ஒன்று தொதல். மற்றொன்று மாசிச் சம்பல்.